சந்தன்நகர்: வங்கத்துப் பிரெஞ்சு நகரின் வரலாறும் பெயர்வழக்கும்

கொல்கத்தாவிற்கு வடக்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்துள்ள சந்தன்நகர், 1950 வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த நகரமாகும். பிரெஞ்சிந்தியா என்றவுடன் தமிழர் நினைவில் எழுவது புதுச்சேரியே. அப்புதுச்சேரியின் தலைமையில் ஆளப்பட்ட இந்நகரில், பிரெஞ்சு மொழி இன்று பொதுவாழ்விலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. இதன் காரணத்தை வரலாற்றின்வழி நோக்குவதும், இந்நகர்ப் பெயர்களைத் தமிழாக்குவோர் கருதவேண்டுவனவற்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வரலாறு

பிரெஞ்சுக்காரர் 1673இல் இங்கு வணிகத்தலம் அமைக்க இசைவு பெற்றனர். அந்நூற்றாண்டின் இறுதியில் ஓர்லெயான் கோட்டை எழுந்தது. 1731 முதல் 1741 வரை இந்நகரை நிருவகித்த துய்ப்ளேக்ஸ் காலத்தில் வணிகம் உச்சத்தை எட்டியது. பிரெஞ்சுக்காரரின் திவானாக விளங்கிய இந்திரநாராயண் சௌத்ரி, நந்ததுலால் கோயிலைக் கட்டியவர். வங்கக் கவிஞர் பாரதசந்திர ராயை ஆதரித்தவர். துய்ப்ளேக்ஸ் இங்கிருந்தே புதுச்சேரியின் ஆளுநராகச் சென்றார்.

1757 மார்ச்சில் கிளைவும் வாட்சனும் நகரைக் கைப்பற்றினர், கோட்டை தகர்க்கப்பட்டது. அதன்பின் நகர் பலமுறை கைமாறி, 1816இல் பிரெஞ்சுக்காரரிடம் நிலையாகத் திரும்பியது. அப்போது அதைச் சுற்றியிருந்த நிலம் முழுவதும் ஆங்கிலேயருடையதாகவும், வணிகம் கல்கத்தாவினதாகவும் ஆகிவிட்டிருந்தன. எனினும் ஆங்கிலச் சட்டம் செல்லாத இடம் என்ற நிலையே பின்னர் அதற்குப் புதிய முக்கியத்துவம் தந்தது. புரட்சியாளர் கனாயிலால் தத்தா இங்குக் கல்வி பயின்றவர். அரவிந்தர் 1910 பிப்ரவரியில் இங்கு மறைந்திருந்து, ஏப்ரல் 4ஆம் நாள் புதுச்சேரி வந்தடைந்தார். ஒரு பிரெஞ்சு நகரிலிருந்து மற்றொரு பிரெஞ்சு நகருக்கு அமைந்த அப்பயணம், இவ்விரு நகரங்களின் அரசியல் பயன்பாட்டைத் தெளிவாகக் காட்டும்.

2. தேவாலயமும் அதன் பெயரும்

ஆற்றங்கரைச் சாலை, அருங்காட்சியகமாக விளங்கும் துய்ப்ளேக்ஸ் இல்லம், 1884இல் திறக்கப்பட்ட திருஇருதய ஆலயம் ஆகியன நகரின் குறிப்பிடத்தக்க கட்டடங்கள். இவ்வாலயம் ஆயரின் இருக்கை அன்று. எனவே இதனைப் 'பேராலயம்' எனப் பெயர்ப்பது பிழையாகும். ஆயினும் இந்நகரின் பிரெஞ்சு அடையாளமாக இதுவே கருதப்படுகிறது.

மொழியியலார் கருத்தைக் கவர்வது வேறொன்று. வங்க மக்கள் தேவாலயத்தை 'கிர்ஜா' என்பர். இது 'இக்ரேஜா' என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. பிரெஞ்சுக்காரர் கட்டிய ஆலயம், அவர்களுக்கு முன்வந்தோரின் சொல்லாலேயே வழங்குகிறது. புதுச்சேரியிலோ, தூய பவுலின் பிரெஞ்சுப் பெயர் திரிந்து, தமிழ்ச் சொல்லோடு இணைந்து 'சம்பா கோயில்' ஆயிற்று என விளக்குவர். முன்னதில் கடன்சொல் பொதுப்பெயராக நிலைத்தது. பின்னதில் சிறப்புப்பெயர் மட்டுமே கடனாகப் பெறப்பட்டது.

3. எஞ்சிய சொற்கள்

வங்க மொழியில் பிரெஞ்சுக் கடன்சொற்கள் மிகச் சில. கார்துஜ் (தோட்டா), குபன், ரெஸ்தோரா போன்றவற்றை இலக்கண நூலார் எடுத்துக்காட்டுவர். புதுச்சேரித் தமிழில் கொம்யூன், மேரி, சொல்தா எனப் பிரெஞ்சு ஆட்சியையும் படையையும் சார்ந்த சொற்கள் வழக்கில் நின்றன.

இவ்வேறுபாட்டிற்கு இரு காரணங்கள் கூறலாம். ஒன்று, சந்தன்நகர் மக்கள் தொழிலுக்கும் உயர்கல்விக்கும் அண்மையிலிருந்த கல்கத்தாவை நாடினர். அங்குப் பயன்பட்டது ஆங்கிலமே. மற்றொன்று, அதிகார மாற்றத்தின் தன்மை. 1949 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் பெருவாரியாக இந்தியாவுடன் இணைய விழைந்தனர். 1950 மே 2இல் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. 1954 அக்டோபர் 2இல் நகர் மேற்கு வங்கத்துடன் இணைந்தது. அதனால் அம்மாநிலத்தின் மொழிகளே அதன் ஆட்சிமொழிகளாயின. புதுச்சேரியோ தனி ஆட்சிப்பகுதியாக நின்றது. மக்கள் பிரதிநிதிகள் மாற்றும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக இருக்கும் என 1956ஆம் ஆண்டு ஒப்பந்தமும் கூறியது.

4. பெயரும் மொழிபெயர்ப்பும்

நகரின் பெயருக்குச் சந்தன மரம், பிறை வடிவில் வளையும் ஆறு, சண்டி தேவி என மூன்று விளக்கங்கள் உண்டு. தமிழில் 'சந்தனநகரம்' என எழுதுவோர், தம்மை அறியாமலே முதல் விளக்கத்தை முடிந்த முடிபாக்கிவிடுகின்றனர். 'சந்தர்நகோர்' என்பது பிரெஞ்சு ஆவணங்களின் ஒலிப்பு. 'சந்தன்நகர்' என்பது இன்றைய வழக்கு. 'பராஸ்டாங்கா' என மற்றொரு பெயரும் உண்டு. 'பிரெஞ்சுக்காரரின் மேட்டுநிலம்' எனப் பொருள்படும் இது, அயலாரைச் சுட்ட வங்க மக்களே இட்டது. மெல்லிய வேட்டி ஒன்றும் இப்பெயரால் புகழ்பெற்றது.

ஆவணத்தைப் பெயர்ப்போர் அதன் காலத்து வடிவத்தையும், இக்கால நகரைக் குறிப்போர் 'சந்தன்நகர்' என்பதையும் கொள்வது பொருத்தமாகும். மூன்று பெயர்களையும் ஒன்றாக்கிவிட்டால், ஆண்டவர், வாழ்ந்தவர், அயலிலிருந்து நோக்கியவர் என்னும் முத்திறத்தாரின் பார்வையும் மறைந்துபோகும். பிரெஞ்சு பேசுவோர் ஏறக்குறைய மறைந்துவிட்ட இந்நகரில், அம்மொழி பேசியோர் இருந்தமைக்குப் பெயர்களே சான்றாக எஞ்சியுள்ளன.