வாடிக்குப் போன வழி

கொழும்பிலே தொடங்கி, இரத்தினபுரியையும் வெல்லவாயவையும் மொனராகலையையும் கடந்து, பொத்துவிலில் கடலைக் கண்டதும் வடக்கே திரும்பி, அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு மட்டக்களப்பை அடையும் நெடுஞ்சாலைக்கு அரசாங்கப் பதிவுகளில் ஏ4 என்பது நாமதேயம். கல்முனையில் புடவைக் கடைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் இடையே நெருக்குண்டு கிடக்கும் இதே வீதி, பொத்துவிலுக்கு மேற்கே பத்து மைல் அளவில், லாகுகலையை நெருங்கும்போது ஆரண்யத்தின் நடுவே ஓடுகிறது. தேசிய வனங்களுக்குள் மோட்டார் வாகனத்திலன்றிப் புகுவதற்கு விதியில்லை. ஆனால் இது பொது வீதி. ஆகவே துவிச்சக்கர வண்டியில் செல்பவனும் யானைகளின் ராஜ்யத்தை ஓரமாக உரசிக்கொண்டு போகலாம்.

பொத்துவிலில் நண்பர்களோடு கூடாரமடித்துத் தங்கியிருந்த ஒரு விடுமுறையில், சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அவ்வழியே நான் ஆறுதலாகச் சைக்கிள் மிதித்துப்போய் வந்ததை வீட்டுக்குத் திரும்பிக் ‘கூடார விடுமுறை’ என்று பெருமையோடு சொன்னபோது, மூத்தாப்பா வெற்றிலையை மென்றபடி கேட்டார்: “வாடிக்குப் போறத்துக்கு இப்ப இதுவா மனே பேரு?”

அந்தக் கேள்வியிலே எங்கள் கரையோரத்தின் சரித்திரம் பாதி அடங்கியிருக்கிறது. கல்முனையும் சாய்ந்தமருதும் காத்தான்குடியைப் போலவே கடலோரத்து ஒடுங்கிய மணற்பரப்பில் வீட்டோடு வீடு ஒட்டி வளர்ந்த ஊர்கள். வேளாண்மை பூமியோ மேற்கே, வட்டை வட்டையாகக் காட்டின் விளிம்புவரை விரிந்து கிடந்தது. உழவுக்கும் விதைப்புக்கும் தினமும் போய்த் திரும்ப இயலாத தூரமாதலால், நிலச் சொந்தக்காரரான போடியாருக்காக வயல் செய்யும் முல்லைக்காரர் போகம் முடியும்வரை வயலருகே கம்பும் இலுக்கும் கொண்டு கட்டிய வாடியில் தங்குவதே சம்பிரதாயமாயிற்று. இரவில் பன்றிக்கும் யானைக்கும் பரண்மேல் காவல். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது ஒரு பரணிலிருந்து மறு பரணுக்குக் கவி. அறுவடையில் சூடு வைத்து, களவெட்டியில் நெல்லைப் பொலியென்றே மரியாதையாகப் பெயர் சொல்லி அள்ளுதல். இதுவெல்லாம் ஜீவனம், விநோதமென்று ஒருவரும் எண்ணவில்லை.

கரத்தை மாடு அசைந்தாடிச் சென்ற அந்த வழிக்குச் சைக்கிள் வந்தபோது அதன் வேகத்தை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. கரியரில் அரிசிச் சாக்கு, அதன்மேல் பன்பாய், கைபிடியில் அரிக்கன் லாம்பு, சட்டத்தோடு சேர்த்துக் கட்டிய மண்வெட்டி, கருவாட்டுப் பொட்டலம் என்று குடும்பமே குடிபெயர்வதுபோல் ஏற்றிய றலி வண்டியை மணலிலும் வரம்பிலும் மெதுவாகத்தான் மிதிக்க முடியும். பாதையில் ஆவி பறக்கும் யானை இலத்தி கிடந்தால் மணியடிக்காமல் இறங்கி நிற்கவும் வேண்டும். நிதானம் அங்கே ரசனையல்ல, உயிர்ப் பாதுகாப்பு.

இதற்கு நேர்மாறாக, இங்கிலாந்திலே தோமஸ் ஹைராம் ஹோல்டிங் என்ற தையற்காரர், சிறுவயதில் அமெரிக்கச் சமவெளியை வண்டிக் கூட்டத்தோடு கடந்த நினைவு மாறாதவராய், சைக்கிளில் கட்டிச் செல்லத்தக்க இலேசான கூடாரமொன்றைத் தைத்து அயர்லாந்தில் சுற்றி, அந்த அனுபவத்தை 1898இல் புத்தகமாக்கி, 1901இல் சைக்கிள் கூடாரவாசிகளுக்கென ஒரு சங்கத்தையும் தோற்றுவித்தார். உல்லாசத்துக்காகக் கூடாரம் அடிப்பவர்கள் அவரையே பிதாமகராகக் கொள்வர். கொள்ளட்டும், எங்கள் முல்லைக்காரருக்குச் சங்கம் வைக்க நேரமில்லை.

பிறகு காடே இடம் மாறியது. பட்டிப்பளை ஆறு என்று நாங்கள் அழைத்த நதியைக் கல் ஓயா என்ற பெயரில் உலகம் அறியச் செய்த திட்டத்துக்கு 1949இல் அபிவிருத்திச் சபை அமைந்தது. அமெரிக்க மொரிசன் நூட்சன் கம்பெனியார் இங்கினியாகலையில் குன்றுகளுக்கிடையே மண்ணணை எழுப்ப, சேனாநாயக்க சமுத்திரம் பிறந்தது. வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைக்கு வந்து தங்கிச்சென்ற அம்பாறை நகரமாகி, 1961இல் தனி மாவட்டமாகவும் ஆயிற்று. நீர்த்தேக்கத்தின் நீரேந்து பிரதேசத்தைக் காப்பதற்காக 1954இல் ஏறத்தாழ நூறு சதுர மைல் விஸ்தீரணத்தில் கல் ஓயா தேசிய வனம் பிரகடனமாயிற்று. கடுக்காயும் தான்றியும் நெல்லியும், அதாவது திரிபலாவின் மூன்றும், ஒருங்கே விளையும் அந்தக் காடு எல்லைக்கல்லுக்குள் போயிற்று. யானைகளோ நீரின் நடுவே தீவுகளாகிவிட்ட மேட்டு நிலங்களுக்கு நீந்திப் போகப் பழகிக்கொண்டன. நஷ்டத்தை மட்டும் கணக்கிடுவது நியாயமன்று. மழையை மட்டும் நம்பாமல் வாய்க்கால் நீரில் சிறுபோகம் செய்தவர்கள் எங்களவரிலும் உண்டு. ஆயினும் ஆற்றின் பெயர் மாறியதை மூத்தாப்பா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

லாகுகலை 1966இல் சரணாலயமாகி, 1980இல் தேசிய வனமாயிற்று. 1,554 ஹெக்டேயர்தான், சிறியது. நீர் வற்றும் காலத்தில் குளத்தில் ஓங்கி வளரும் புல்லை நாடி யானைகள் கூட்டமாய் வரும். அன்று காலையில் நான் கண்டது மூன்றைத்தான். வீரை மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அரைமணி நேரம் பார்த்திருந்தேன்.

மூத்தாப்பாவின் றலி வண்டி இன்னமும் வீட்டுப் பின்கட்டில் நிற்கிறது. சாக்கு வைப்பதற்கென்று கரியரில் அவர் ஆணியடித்துப் பொருத்திய அகலமான முதிரைப் பலகையில், பட்டியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த எருமைத் தயிர்ச் சட்டிகளின் வட்டத் தடம், ஒன்றன்மேல் ஒன்றாக, கறுத்துப் படிந்திருக்கிறது.