சமையலில் முகத்தலளவையும் நிறுத்தலளவையும்

உலர்ந்த சமையல் பொருளின் கொள்ளளவை எடையாகவோ, எடையைக் கொள்ளளவாகவோ கணக்கிட்டுக்கொள்வது அளவை மாற்றம் எனப்படும். ஆழாக்கு, உழக்கு, படி ஆகியவை முகத்தலளவைகள். எட்டு ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி. பலம், சேர், வீசை ஆகியவை நிறுத்தலளவைகள். தொல்காப்பியமே அளவுப்பெயரையும் நிறைப்பெயரையும் தனித்தனியாகக் குறிக்கிறது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவில் மெட்ரிக் முறை வந்தபின் கடையில் அரிசி கிலோவாயிற்று. அடுப்படியில் ஆழாக்கும் டம்ளரும் அப்படியே இருந்தன. வாங்குவது ஓர் அளவையில், சமைப்பது வேறோர் அளவையில் என்றானதால் இந்த மாற்றக் கணக்கு அன்றாடத் தேவையாயிற்று.

ஒரு கப் எத்தனை கிராம் என்று கேட்கும்போது, ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஓர் எண் உண்டு என்று எண்ணிக்கொள்கிறோம். அந்த எண் பொருளை மட்டும் சார்ந்ததன்று. கலத்தை நிரப்பிய விதத்தையும் சார்ந்தது. அரிசிமணி தண்ணீரைவிடக் கனமானது, நீரில் மூழ்கும். ஆனாலும் ஒரு மில்லிலிட்டர் கலத்தில் அரிசி சுமார் 0.8 கிராம்தான் நிற்கும். மணிகளுக்கு இடையே கலத்தின் ஏறத்தாழ பாதி வெறும் காற்று. மணிகள் கடினமானவை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அமர்பவை. ஆகவே யார் அளந்தாலும் அந்தக் காற்றின் பங்கு பெரிதாக மாறுவதில்லை. ஜப்பானிய அரிசிக் குக்கருடன் வரும் 180 மில்லி கப்பில் சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கிறது. 250 மில்லி கப்பில் 200 முதல் 210 கிராம் வரை பிடிக்கிறது. இரண்டும் ஒரே விகிதம். மைதா அப்படியன்று. அதன் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இடையே காற்றைப் பிடித்துவைக்கும். சலித்துப் போட்டால் 250 மில்லி கப்பில் 120 கிராம் அளவுக்கு வரும். கரண்டியால் அள்ளிப் போட்டால் 130. கப்பையே மாவுக்குள் அழுத்தி முகந்தால் 150-ஐயும் தாண்டும். அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட சமையல் நூலில் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பெரிய முன்னேற்றம்தான், ஆனால் தலைதட்டுவது மேலே குவிந்ததை நீக்குமே தவிர, உள்ளே இருக்கும் காற்றைத் தொடாது. போதாதற்குக் கப்பும் நாட்டுக்கு நாடு வேறு: அமெரிக்காவில் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. எனவே எந்தக் கப், எப்படி நிரப்பியது என்று சொல்லாத மாவு அட்டவணையை நம்பக் கூடாது.

அப்படியானால் எல்லாவற்றையும் தராசில் வைத்துவிடலாமே என்று கேட்கலாம். இட்லிக்கு அது தேவையே இல்லை. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்னும்போது, இரண்டும் ஒரே கலத்தில் ஏறத்தாழ ஒரே எடை நிற்பவை. ஆகவே கொள்ளளவு விகிதமே எடை விகிதமும் ஆகிறது. டம்ளர் பெரிதா சிறிதா என்பதுகூடப் பொருட்டில்லை. பல தலைமுறைகளாக ஆழாக்கு பொய்க்காமல் வந்ததற்குக் காரணம் பழக்கம் மட்டுமல்ல, இந்தப் பொருத்தமும்தான். உளுந்துக்குப் பதில் உளுத்தமாவை அதே டம்ளரால் அளந்தால் கணக்கு கெட்டுவிடும். மாவின் எடை வெகுவாகக் குறையும். கால் தேக்கரண்டி பெருங்காயத்தூளை, முழுக் கிராம் மட்டுமே காட்டும் வீட்டுத் தராசில் நிறுக்க முயல்வதிலும் பயனில்லை. அங்கே கரண்டியே நுட்பமான கருவி.

கைப்பக்குவம் போதாதா என்பது அடுத்த கேள்வி. ஒரே கை, ஒரே கலம், ஒரே கடை மாவு என்றிருக்கும்வரை போதும். குறிப்பு வேறு வீட்டுக்குப் போனதும் போதாது. உப்பு இதற்கு நல்ல சான்று. தூளுப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம். கல்லுப்பின் பரல்களுக்கு இடையே பெரிய இடைவெளி விழுவதால் அதே கரண்டியில் குறைவாகவே நிற்கும். சாம்பாரில் இது சுவைக் குறை, பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஊறுகாயில் உப்புதான் காயைக் கெடாமல் காப்பது. கல்லுப்புக்குச் சொன்ன கரண்டிக் கணக்கில் தூளுப்பைப் போட்டால் கரிக்கும், தூளுப்புக்குச் சொன்னதில் கல்லுப்பைப் போட்டால் பூஞ்சை பிடிக்கலாம். கிராமில் நிறுத்துப் போட்டால் இரண்டும் ஒரே உப்பு.