ஆலிவர் சாலையிலிருந்து நியூபோர்ட் வரை

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் சாயங்காலம் நடக்கப் போகிறவர்களுக்கு இப்போது ஒரு புதுச் சத்தம் பழகியிருக்கும். 'டொக், டொக்' என்று விடாமல் கேட்கும். பிக்கிள்பால். 1965-இல் அமெரிக்காவில் பெய்ன்பிரிட்ஜ் தீவில், விடுமுறையில் சலித்துப் போன பிள்ளைகளுக்காக, கையில் கிடைத்த டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்துப் பெரியவர்கள் உண்டாக்கிய விளையாட்டு. அறுபது வருஷம் கழித்து நம் மொட்டை மாடிகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஐ.டி. பையன்களும் ஆடுகிறார்கள், பென்ஷன் வாங்குகிறவர்களும் ஆடுகிறார்கள். நல்லதுதான். (பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் பற்றிச் சொல்வதை இன்னொரு நாள் பார்க்கலாம்.)

என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். அவர்கள் குடியிருப்பில் பிக்கிள்பால் போட்டி வைக்கிறார்களாம். "சார், சிறந்த ஆட்டக்காரருக்கு ஒரு கேடயம், சிறந்த பங்களிப்பாளருக்கு ஒரு கேடயம். முதலாவது சுலபம். ஸ்கோர் பார்த்துக் கொடுத்துவிடலாம். இரண்டாவது யாருக்கு என்றுதான் சண்டை" என்றார்.

நல்ல சண்டை. பிக்கிள்பாலுக்கு அமெரிக்காவில் இருக்கும் புகழ் மண்டபத்திலும் இதே இரண்டு பிரிவுகள்தான். டென்னிஸிலும் ஆட்டக்காரர் தனி, பங்களிப்பாளர் தனி. அந்த இரண்டாவது பிரிவில் நம் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னால் என் மாணவரின் கேள்விக்கும் ஏதாவது வெளிச்சம் கிடைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் நியூபோர்ட் என்று ஓர் ஊர். அங்கே 1954-இல் ஜிம்மி வான் ஆலன் என்பவர் டென்னிஸுக்கு ஒரு புகழ் மண்டபம் தொடங்கினார். டை-பிரேக்கர் முறையைக் கண்டுபிடித்தவரும் இவரே. ஒரு செட் 12–10, 14–12 என்று இழுத்துக்கொண்டே போகாமல் காப்பாற்றிய புண்ணியவான். அந்த மண்டபத்தில் 1955 முதல் பெயர் சேர்க்கிறார்கள். சுமார் எழுபது வருஷம் அதில் ஓர் இந்தியப் பெயர் இல்லை. ஆசியாவிலிருந்து முதலில் நுழைந்தவர் சீனாவின் லி நா, 2019-இல். 2024 ஜூலை 20 அன்றுதான் இரண்டு இந்தியர்கள் சேர்ந்தார்கள். லியாண்டர் பயஸ் ஆட்டக்காரராக. விஜய் அமிர்தராஜ் பங்களிப்பாளராக. ஆசிய ஆண்களில் இவர்கள்தான் முதல்.

இந்தச் செய்தி வந்தபோது நம் நண்பர்கள் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். "விஜய்யை ஏன் ஆட்டக்காரராகச் சேர்க்கவில்லை? லேவரையே ஜெயித்தவர் ஆயிற்றே!" என்று. உண்மைதான். 1973-இல் அமெரிக்க ஓபனில் ராட் லேவரை வென்றார். அடுத்த வருஷம் அதே போட்டியில் போர்க்கை வென்றார். விம்பிள்டனில் 1973, 1981 இரண்டு முறையும் காலிறுதி. 1981-இல் ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டை எடுத்துவிட்டுத் தோற்றார். ரேடியோவையே பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

ஆனால் எனக்கு அந்தக் குறை இல்லை. பங்களிப்பாளர் என்பது இரண்டாம் தரப் பரிசு என்று யார் சொன்னது? 1989 முதல் 1993 வரை தொழில்முறை ஆட்டக்காரர்களின் கவுன்சிலுக்குத் தலைவராக இருந்தார். பிறகு வர்ணனையாளராக டென்னிஸை நம் வீட்டு டிவிக்குள் கொண்டுவந்தார். 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓபன் இந்த ஊருக்கு வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய ஸ்டேடியம் அது. ராஃப்டர் வந்தார், நடால் வந்தார், வாவ்ரிங்கா நான்கு முறை பட்டம் வாங்கிப் போனார். பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்த அப்பாக்கள் நம்மில் எத்தனையோ பேர். 2018-இல் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

இதெல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது 1985-இல் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் பயிற்சிக்கூடம். சுருக்கமாக 'பாட்'. கல்கத்தாவிலிருந்து ஒரு சின்னப் பையனை அழைத்துவந்து இங்கே வளர்த்தார்கள். சேத்துப்பட்டில் உள்ள மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளியில் படித்தான். 1990-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம். அவன்தான் லியாண்டர். நியூபோர்ட்டில் ஒரே நாளில் மேடை ஏறிய இரண்டு பேரில் ஒருவர், மற்றவர் பெயரில் நடந்த பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்! முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு இதைவிட வேறென்ன சந்தோஷம் வேண்டும்?

அந்தப் பயிற்சிக்கூடத்தை நாள்தோறும் கட்டிக் காத்தவர் விஜய்யின் அம்மா மேகி அமிர்தராஜ். அப்பா ராபர்ட் ரயில்வே உத்தியோகம். அம்மா அட்டைப்பெட்டி தயாரிக்கும் தொழில் நடத்தினார். ஆனந்த், விஜய், அசோக் என்று மூன்று பிள்ளைகள். விஜய் சின்ன வயதில் நோஞ்சான், நுரையீரலில் கோளாறு. வெளிக்காற்றில் ஓடி ஆடட்டும் என்றுதான் டென்னிஸ் ராக்கெட்டைக் கையில் கொடுத்தார்கள். தொழிலும் பார்த்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளையும் மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு, மூன்று பேரும் விம்பிள்டனில் ஆடுவதைப் பார்த்தார் அந்த அம்மா. சொந்தப் பிள்ளைகள் கரையேறிய பிறகு ஊரார் பிள்ளைகளுக்காகப் பயிற்சிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டார். 2019-இல் காலமானார். பங்களிப்பாளர் என்ற சொல்லுக்கு நான் ஒருவரைக் காட்ட வேண்டுமானால் முதலில் இவரைத்தான் காட்டுவேன். சகோதரர்களுக்குப் பயிற்சி கொடுத்த டி.ஏ. ராமராவ் அடுத்து. டென்னிஸ் வட்டாரத்துக்கு வெளியே அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி மயிலாப்பூருக்கு வருகிறேன். முசிறி சுப்பிரமணியம் சாலை என்று இப்போது பெயர். பழைய ஆட்களுக்கு ஆலிவர் ரோடு. அங்கேதான் கிருஷ்ணன் டென்னிஸ் சென்டர். ராமநாதன் கிருஷ்ணன், அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன். இந்த இரண்டு பெயருக்கும் பின்னால் மூன்றாவதாக ஒரு பெயர் உண்டு: டி.கே. ராமநாதன். தென்காசிக்காரர். நல்ல ஆட்டக்காரர். மகனுக்கு அவரே குரு. மகன் 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார், ஆசியாவிலேயே முதல் ஆள். பேரன் 1979-இல் அதே பட்டத்தை வென்றார். ஒரே வீட்டில் அப்பாவும் பிள்ளையும்! அதற்கு அடி போட்ட தாத்தா பெயரை வினாடி வினாவில்கூட நான் கேட்டதில்லை.

ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கான பெர்ட்ரம் போட்டியில் பள்ளிக்கூடப் பையனாகவே அனுமதி வாங்கி ஆடி ஜெயித்தவர். 1960-இல் விம்பிள்டன் அரையிறுதி. 1961-இல் காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் முடித்துவிட்டு மறுபடி அரையிறுதி. முதல் தடவை நீல் ஃபிரேசரிடமும் அடுத்த தடவை லேவரிடமும் தோற்றார். இரண்டு பேருமே அந்தந்த வருஷம் பட்டம் வென்றவர்கள். ஒற்றையரில் அதற்குப் பிறகு எந்த இந்தியரும் அங்கே அரையிறுதி பார்க்கவில்லை. 1959-இல் ஜாக் கிரேமர் தன் தொழில்முறைக் குழுவுக்கு வரச் சொல்லி 1,50,000 டாலர் கொடுப்பதாகச் சொன்னார். அந்தக் காலத்து டாலர்! போயிருந்தால் விம்பிள்டனும் கிடையாது, இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையும் கிடையாது. கிருஷ்ணன் போகவில்லை.

போகாததால் கிடைத்தது 1966. கல்கத்தாவில் பிரேசிலுடன் டேவிஸ் கோப்பை. 2–2 என்று நிற்கிறது. கடைசி ஆட்டம் தாமஸ் கோச்சுடன். மூன்று செட் முடிந்தபோது கோச் முன்னிலை. நான்காவது செட்டில் கிருஷ்ணன் 2–5. கதை முடிந்தது என்று எழுந்து போனவர்கள் உண்டாம். அங்கிருந்து அந்த செட்டை 7–5 என்று எடுத்து, ஐந்தாவதை 6–2 என்று முடித்தார். இந்தியா முதன்முதலாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது அப்படித்தான். மெல்பர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4–1 என்று தோற்றோம். அந்த ஒன்றும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் நியூகோம்ப், ரோச் ஜோடியை வென்று எடுத்தது.

அரசாங்கம் அவரை மறக்கவில்லை. அர்ஜுனா விருது தொடங்கிய முதல் வருஷமே, 1961-இல், கொடுத்தார்கள். 1962-இல் பத்மஸ்ரீ, 1967-இல் பத்ம பூஷண். பிறகு அவர் சென்னையில் காஸ் ஏஜென்சி நடத்தினார். நம் தெருவில் சிலிண்டர் வந்து இறங்குவதன் பின்னால் விம்பிள்டன் அரையிறுதி ஆடியவர் இருக்கலாம் என்று யார் நினைப்பார்கள்! ஆனால் நியூபோர்ட் பட்டியலில், 2024-இல் வந்த அந்த இரண்டு பேருக்கு முன்னால், இவர் பெயர் ஏறவில்லை. பெரும் பட்டங்களை எண்ணிப் பார்த்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும். வேண்டாம் என்று விட்ட 1,50,000 டாலரை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதே மாதிரி இன்னொன்று. 1974-இல் இந்தியா மறுபடி இறுதிக்கு வந்தது. விஜய்யும் ஆனந்தும் நல்ல ஃபார்மில். எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசுடன் ஆட முடியாது என்று இந்தியா விலகியது. கோப்பை ஆடாமலே அவர்களுக்குப் போனது. அந்த அணிக்கு அது எப்படி இருந்திருக்கும்? வாழ்நாளில் ஒரு தரம் வருகிற வாய்ப்பு. நாடு எடுத்த முடிவு சரி. அதன் விலையைக் கொடுத்தவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள். 1987-இல் ஸ்வீடனுடன் மறுபடி ஓர் இறுதி. விஜய்யும் ரமேஷும் ஆடினார்கள். அதிலும் தோல்வி. மூன்று இறுதி, மூன்றிலும் மெட்ராஸ் பையன்கள். கோப்பை மட்டும் வரவில்லை. கோப்பை அலமாரியைத் திறந்து பார்த்தால் இந்த வரலாறு ஒன்றும் தெரியாது.

பயிற்சியாளர்கள் விஷயத்தில் நம் நாட்டுக் கணக்கு இன்னும் மோசம். துரோணாச்சாரியார் விருது 1985-இல் தொடங்கியது. டென்னிஸுக்காக அதை முதலில் வாங்கியவர் நரேஷ் குமார், 2020-இல். பதினாறு வயது லியாண்டரை 1990-இல் டேவிஸ் கோப்பை அணியில் இறக்கிய கேப்டன் அவர்தான். விருது வந்தபோது அவருக்கு வயது 91. இரண்டு வருஷத்தில் போய்விட்டார். முப்பத்தைந்து வருஷத்தில் டென்னிஸில் ஒரு துரோணர்கூடக் கண்ணில் படவில்லையா? டி.கே. ராமநாதன்களும் ராமராவ்களும் இருந்த நாட்டில்?

என் மாணவருக்கு நான் சொன்னது இதுதான். ஸ்பான்சர் கொடுத்தவருக்கு மேடையில் சால்வை போடுங்கள், தப்பில்லை. கேடயத்தை அவருக்குக் கொடுக்காதீர்கள். தினமும் ஐந்தரை மணிக்கு வந்து நெட் கட்டுகிறவர் யார், புதிதாக வருகிற பெண்மணிகளுக்குப் பொறுமையாக சர்வீஸ் போடச் சொல்லிக் கொடுப்பவர் யார் என்று பாருங்கள் என்றேன். "அது வாட்ச்மேன் அண்ணன்தான் சார் நெட் கட்டுறார்" என்றார். அப்படியானால் அவர் பெயரை எழுதுங்கள் என்றேன். சங்கத்தில் ஒத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை, இரண்டு நாளாகப் பதில் இல்லை.

கடைசியாக ஓர் உதவி. பழைய கிளப்புகளில் மார்க்கர் என்று ஒருவர் இருப்பார். புதியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கோர்ட்டைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோடு போடுவார். ஜோடி இல்லாமல் வரும் மெம்பருடன் எதிர்ப்பக்கம் நின்று ஆடுவார். நன்றாக ஆடத் தெரிந்தும் மெம்பர் ஜெயிக்கும்படி விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. பெரிய ஆட்டக்காரர்கள் பலர் சின்ன வயதில் இவர்களோடு ஆடித்தான் கை பழகினார்கள். மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோடு கிளப்பாக இருக்கட்டும், எழும்பூர், நுங்கம்பாக்கம், அடையாறு கோர்ட்டுகளாக இருக்கட்டும், உங்களுக்கோ உங்கள் அப்பா, சித்தப்பாவுக்கோ தெரிந்த மார்க்கர்கள் யாராவது இருந்தால், எந்த கோர்ட், எந்த வருஷம் என்பதோடு எனக்கு எழுதுங்கள். அவர்கள் வீட்டில் சம்மதம் கேட்டுக்கொண்டு பெயர் எழுதலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.