மாயாவியை வரைந்தது யார்?

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டில் சட்டை, செருப்பு, பாத்திரங்களுக்கு நடுவே பழைய புத்தகங்களும் கிடைக்கும். அந்தக் குவியலை ஒருவர் அடிவரை கிளறிக்கொண்டிருந்தால், அவர் காமிக்ஸ் தேடுகிறவராக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இரண்டு பேர் சந்தித்துவிட்டால் போச்சு! டீக்கடை, வாழைக்காய் பஜ்ஜி, பஞ்சாயத்து. டெக்ஸ் வில்லர் பெரியவரா, கேப்டன் டைகர் பெரியவரா?

இந்தப் பஞ்சாயத்து பழசுதான். ஆனால் முன்பெல்லாம் ஹீரோக்களின் பெயர் மட்டும்தான் அடிபடும். வரைந்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்ளலாம். எழுபதுகளில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: உடம்பில் கரண்ட் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அந்தக் கையை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாக்காரர், 1919ல் பிறந்தவர். லண்டனில் ஃப்ளீட்வே நிறுவனம் 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' என்ற வார இதழைத் தொடங்கியபோது முதல் இதழிலிருந்தே வந்த தொடர் இது. (புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததும் அதே 1962ல்தான், ஆகஸ்ட் 16. தற்செயல்தான், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வசதி.) அன்றைய பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கமே கிடையாது. மூலையில் போட்ட கையெழுத்தை வெள்ளை மை பூசி அழித்ததும் உண்டு.

சிவகாசியில் மு. சௌந்திரபாண்டியன் 1972ல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. ஆங்கில வசனத்தை எடுத்துவிட்டு பலூனுக்குள் தமிழைப் பொருத்தி, சின்ன அளவில், கறுப்பு வெள்ளையில் அச்சடித்தார்கள். லண்டனிலேயே தொலைந்துபோன பெயர் சிவகாசிக்கு எப்படி வந்து சேரும்? 1984ல் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும், சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் நடத்திய லயன் காமிக்ஸும் வந்தன. கதைகள் பெருகின. ஓவியர்கள் பெயரில்லாமலே இருந்தார்கள்.

புதுச்சேரியில் இது இன்னும் வேடிக்கை. 1826ல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் இங்கே இருக்கிறது. ரொமேன் ரோலன் நூலகம் 1827லிருந்து இருக்கிறது. அலியான்ஸ் பிரான்சேஸ் 1889லிருந்து. பிரெஞ்சு மொழி காமிக்ஸிலோ ஓவியர் என்றால் தனி மரியாதை. ஆல்பத்தின் அட்டையிலேயே பெயர் இருக்கும். காமிக்ஸை 'ஒன்பதாவது கலை' என்று சொல்லிப் பரப்பியவர்களில் ஒருவர் லக்கி லூக்கை வரைந்த பெல்ஜியக்காரர் மோரிஸ். ஆனால் இந்த ஊரின் தமிழ்ப் பையனுக்கு லக்கி லூக் அறிமுகமானது அடுத்த தெரு பிரெஞ்சிலிருந்து அல்ல, சிவகாசித் தமிழிலிருந்து! பாரிஸும் பிரஸ்ஸல்ஸும் வரைந்தது சிவகாசி சுற்றிப் பெட்டிக்கடைக்கு வந்தது. பிரெஞ்சு படிக்கத் தெரிந்த வீடுகள் வேறு, காமிக்ஸ் வாடகைக்கு எடுத்த வீடுகள் வேறு என்பதுதான் காரணம்.

கேப்டன் டைகரும் அப்படி வந்தவர்தான். 1963ல் 'பிலோத்' இதழில் தொடங்கிய 'புளூபெரி'. எழுதியவர் ஷார்லியே, வரைந்தவர் ழான் ழிரோ. இவர் கௌபாய் கதைகளில் 'ழிர்' என்று கையெழுத்திடுவார், விஞ்ஞானக் கதைகளில் 'மோபியஸ்' ஆகிவிடுவார். 1979ல் வந்த 'ஏலியன்', 1982ல் வந்த 'ட்ரான்' படங்களுக்கு வடிவமைப்பில் உதவியவரும் அவரே. தமிழில் 'தங்கக் கல்லறை'யைப் படித்து டைகரின் சப்பை மூக்கை ரசித்தவர்கள் எத்தனை பேருக்கு இது அப்போது தெரிந்திருக்கும்? ஆனாலும் கறுப்பு வெள்ளை அச்சில் ஒரு லாபம் இருந்தது. வண்ணம் போனபின் கோடு மட்டும் நின்றது. பாறையின் விரிசலையும் தாடியின் முடியையும் பார்த்தே "இது அந்த ஆள் வரைந்தது" என்று கண்டுபிடிக்கிற கண் வாசகர்களுக்கு வந்துவிட்டது. பெயர் தெரியாமலே கையெழுத்தை அறிந்துவைத்திருந்தார்கள்.

இணையம் பரவிய பிறகுதான் பெயர்கள் வந்தன. மாயாவியா, பிளாஸ்கோ. மாடஸ்டியா, ஜிம் ஹோல்டவே. டெக்ஸா, இத்தாலியில் 1948ல் அவரை முதலில் வரைந்த கலெப்பினி. 'இரத்தப் படல'மா, வில்லியம் வான்ஸ். பிளாஸ்கோ 1995லேயே இறந்துவிட்டார். அவர் பெயரைத் தமிழ் ரசிகர்கள் டீக்கடையில் சொல்லத் தொடங்கியது அதற்கு வெகு காலம் கழித்து.

பெயர் போனது மட்டுமில்லை, புத்தகங்களும் போயின. அதற்குப் பஜ்ஜியும் ஒரு காரணம். பரீட்சை முடிந்ததும் வீட்டில் காமிக்ஸை எடைக்குப் போட்டுவிடுவார்கள். பழைய பேப்பர் கடையிலிருந்து அது டீக்கடைக்குப் போகும். அங்கே பக்கம் பக்கமாகக் கிழிந்து வடைக்கும் பஜ்ஜிக்கும் எண்ணெய் ஒற்றும் தாளாகும். இன்று ஆரம்ப கால முத்து காமிக்ஸ் அபூர்வமாகிவிட்டதற்கு இப்படிப் போன பிரதிகளும் காரணம். எண்ணெய் ஊறிய தாளில் பாதி மாயாவியைப் படித்துவிட்டு மீதிக் கதைக்காக ஏங்கியவர்களும் இருந்திருப்பார்கள்!

ஆனாலும் ரசிகர்கள் பஜ்ஜியை விட்டுவிடவில்லை. சென்னைப் புத்தகக் காட்சியில் மிளகாய் பஜ்ஜியும் டெல்லி அப்பளமும் இல்லாமல் காமிக்ஸ் பேச்சு முடியாது. புதுச்சேரியில் கூடுதலாக ஒன்று உண்டு: சாயோ. அரிசித் தாளுக்குள் கறியும் சேமியாவும் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரித்த வியட்நாம் பலகாரம். பிரெஞ்சுக்காரர்களின் வேலைக்காக சைகோன் போன புதுச்சேரிக் குடும்பங்கள் திரும்பும்போது கொண்டுவந்தது. சைகோன் சமையல் மட்டும் நேராக வீட்டு அடுப்புக்கே வந்துவிட்டது, சிவகாசி சுற்ற வேண்டியிருக்கவில்லை.

2010ல் 'இரத்தப் படலம்' 18 பாகங்களும் ஒரே புத்தகமாகக் கறுப்பு வெள்ளையில் வந்தது. 2012க்குப் பிறகு லயன், முத்து இதழ்கள் பெரிய அளவில், வண்ணத்தில் வரத் தொடங்கின. இப்போது உள்ளே பதிப்புரிமை வரியோடு எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் இருக்கின்றன. சண்டே மார்க்கெட்டில் அகப்படும் பழைய பிரதியில் அது இருக்காது. வாங்கியவர் அதைப் பாலிதீன் உறையில் போட்டுப் பைக்குள் வைத்த பிறகுதான் பஜ்ஜித் தட்டையே தொடுவார்.