ஒளித்திரையில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி

ஆராய்ச்சி என்னுஞ் சொல்லை ஏட்டுச்சுவடிகளோடும் ஆய்வுகூடங்களோடும் சேர்த்தே எண்ணிப் பழகிவிட்டோம். ஆடுபவர் தம் ஆட்டத்தினாலேயே ஒன்றை ஆராயக்கூடும் என்றாற் சிலர் நகைப்பர். எனினும் அத்தகைய ஆராய்ச்சி நடந்ததுண்டு. தொலைக்காட்சிப் பெட்டியே அதன் கருவி. 1963ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அதன் முதற்காலம். அவ்வரலாற்றையே இன்று கூறப் புகுகின்றேன்.

வானொலிக்கும் இதில் ஒரு பங்குண்டு. மேற்கு ஜேர்மனியின் கொலோன் நகர வானொலி நிலையம் 1951இல் மின்னணு இசைக்கென ஒரு கலையகத்தை அமைத்தது. இசைவாணரும் பொறியியலாளரும் அங்கே ஒருங்கிருந்து, ஒலியலைகளைப் பிரித்தும் கூட்டியும் முன்பு எவரும் கேளாத ஓசைகளைத் தேடினர். 1956இல் ஜேர்மனிக்கு வந்த நாம் ஜுன் பைக் என்னும் கொரிய இளைஞர் அச்சூழலிற் பழகியவர். ஒலியை இவ்வாறு கையாள இயலுமாயின் ஒளியையும் கையாளலாமன்றோ?

1963 மார்ச் மாதம் வூப்பெர்டால் நகரில், ஒரு கட்டடக்கலைஞர் தம் இல்லத்தில் நடத்திவந்த காட்சிக்கூடத்திலே, உள்ளுறுப்புகள் மாற்றியமைக்கப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றைப் பைக் வைத்தார். நிலைய ஒளிபரப்பே அவருக்கு மூலப்பொருள். ஒரு பெட்டியிற் படம் முழுதும் ஒற்றைக் கோடாய்ச் சுருங்கிப் போயிருந்தது. பழுதுபார்ப்பவர் கையிற் சேரவேண்டிய அப்பெட்டியை அவர் பக்கவாட்டிற் சரித்து வைத்தார். கிடந்த கோடு நின்ற கோடாயிற்று. அவ்வளவே! ஆயினும், வீடுதோறும் ஐயமின்றி நம்பப்பட்ட அப்பெட்டி உண்மையில் என்ன செய்கின்றது என்ற வினா அங்கே எழுந்துவிட்டது.

பைக் ஆராய்ந்தது கருவியை. உடலும் அவ்வாராய்ச்சியினுட் புகுவதற்கு வேறொரு சாதனம் வரவேண்டியிருந்தது. 1960களின் இறுதியில், ஒருவரே தோளிற் சுமந்து செல்லத்தக்க வீடியோக் கமராவையும் பதிகருவியையும் ஜப்பானிய சோனி நிறுவனம் விற்பனைக்கு விட்டது. திரைப்படச் சுருளைக் கழுவி எடுத்த பின்னரே படம் காண இயலும். வீடியோவிலோ, கமராவின் முன் நிற்பவர் அக்கணமே தம்மை அருகிலுள்ள திரையிற் காணலாம். கண்ணாடியும் அதனைச் செய்யுமே என்பீர்கள். கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டும், வீடியோ மாற்றாது. பிறர் நம்மைக் காணும் வண்ணமே நாம் நம்மைக் காண்கின்றோம். சிறிய வேறுபாடு போலத் தோன்றினும், கலைஞர் பலரைப் பற்றிக்கொண்டது இதுவே.

புரூஸ் நோமன் என்ற அமெரிக்கர் 1968இற் கமராவைப் பக்கவாட்டிற் சாய்த்து வைத்து, தமது வேலைக்கூடத்திலே காலை விறைப்பாக நீட்டி ஒரு மணி நேரம் நடந்தார். அதனை முழுதும் பார்க்கும்படி நான் எவருக்கும் சொல்லமாட்டேன். நியூயோர்க்கில் 1936இற் பிறந்த ஜோன் ஜோனஸ் என்னும் பெண்மணியின் முயற்சிகள் அத்தகையன அல்ல. சிற்பம் பயின்றவர் அவர். கண்ணாடிகளை ஏந்தி நிகழ்த்தும் ஆற்றுகைகளை ஏற்கெனவே செய்துவந்தவர். 1970இல் ஜப்பான் சென்று நோ நாடகங்களைக் கண்டு, வீடியோக் கருவியொன்றையும் வாங்கி மீண்டார். 1972இல் முகமூடியணிந்து அவையோர் முன் தோன்றியபோது, கமரா அவருடைய உடலின் ஏதோவொரு சிறு பகுதியை மாத்திரம் எடுத்து அருகிருந்த பெட்டியிற் காட்டிக்கொண்டிருந்தது. அவையோர் நேரே கண்டது ஒன்று. திரையிற் கண்டது மற்றொன்று. இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன. எதனை அவள் என்பது?

அவ்வாண்டிலேயே அவர் ஆக்கிய ‘வெர்ட்டிக்கல் ரோல்’ என்னும் வீடியோ இருபது நிமிடமளவில் ஓடுவது. 1979இல் நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்த காலத்துப் பெட்டிகளைக் கண்டவர்க்கு அப்பெயரின் பொருள் விளங்கும். வரும் படமும் பெட்டியின் ஓட்டமும் இணங்காவிடின், படம் நிலைகொள்ளாது உருளும். இடையே ஒரு கரும்பட்டை வந்து வந்து போகும். நாம் குமிழைத் திருகி அதனை நிறுத்துவோம். ஜோனஸ் நிறுத்தவில்லை. அவ்வாறு உருளும் படத்தையே இன்னொரு கமராவினாற் பதிவுசெய்தார். கரும்பட்டை வருந்தோறும் கரண்டியால் ஓங்கித் தட்டினார். பட்டையைத் தாண்டுவதுபோலக் குதித்தார். முகமூடியும் இறகும் நடனமாதின் உடையும் பூண்ட உருவம் தோன்றுகின்றது. காண்போர் கண்ணுக்கு விருந்தாகவே புனையப்படும் பெண்ணுருவம் அது. எனினும் எந்தக் கண்ணும் அதன்மேற் படிந்திருக்க அவ்வுருளல் இடங்கொடுப்பதில்லை. இறுதியில் அவர் முகம் பெட்டிக்கும் கமராவுக்கும் நடுவே வந்து, உருளாது நின்று, நம்மை நோக்குகின்றது.

தொடர்ச்சியாகத் தோன்றும் தொலைக்காட்சிப் படம், அமெரிக்காவில் விநாடிக்கு முப்பதாக வெட்டுண்டு வருவது. அந்த வெட்டைப் பொறியியல் நூல் எழுதிச் சொல்லும். இவர் அதனைத் தம் உடலால் அளந்து, அதனிடையே ஒரு பெண்ணின் உருவம் என்னவாகின்றது என்பதையும் சேர்த்துக் காட்டினார். 1976இல் ரோசலிண்ட் கிராவுஸ் என்னும் விமரிசகர், வீடியோக்கலை தன்னுருவில் மயங்கும் கலையெனக் கடிந்தெழுதியபோதும், இதனை அம்மயக்கத்தை உடைக்கும் படைப்புகளுள் வைத்தே பேசினார். அவ்விலக்கு நியாயமானதே.

பிற்காலத்தில் இவ்வகை முயற்சிகள் பல்கலைக்கழகங்களிற் புகுந்தன. பிரித்தானியாவில் 1992க்குப் பின் கலைக்கல்லூரிகள் பல பல்கலைக்கழகங்களின் பகுதியாயின. நோர்வே 2003இற் கலைவழி ஆராய்ச்சிக்கென ஒரு திட்டத்தையே நிறுவியது. ஆற்றுகையோடு எழுத்து விளக்கமும் வேண்டுமா என்ற வழக்கு அங்கெல்லாம் எழுந்தது. வேண்டும் என்பார் கட்சியில் ஓரளவு நியாயமுண்டு, பிறர் சரிபார்க்க வழி வேண்டுமாதலால். ஆயின் விளக்கம் பெருத்துப் படைப்பு மெலிந்துபோன ஆராய்ச்சிகளும் பெருகின.

அக்காலத்துக் காந்த நாடாக்களோ ஈரமேறிப் பிசுபிசுத்துப் பழுதாகி வருவன. 1971இல் நியூயோர்க்கில் நிறுவப்பட்ட எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இன்டர்மிக்ஸ் போன்ற நிறுவனங்கள் அவற்றைப் படியெடுத்துக் காத்து வருகின்றன. பதிவைக் காக்கலாம், ஆனால் இன்றைய தட்டைத் திரைகளிற் படம் அவ்வாறு உருளுவதில்லை, திருகுதற்குக் குமிழும் இல்லை. ஜோனஸ் செய்த சோதனையை மீளச் செய்ய விரும்புவோர் முதலிற் பழைய பெட்டியொன்றைத் தேடிப்பிடிக்க வேண்டும்.