தாய்ப்பால் ஊட்டும் காலத்தில் லூபஸ் மருந்துகள்

லூபஸ் என்பது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் உறுப்புகளையே தாக்கும் நாட்பட்ட நோயாகும். இது தோல், மூட்டு, சிறுநீரகம் முதலியவற்றைப் பாதிக்கக்கூடும். தாய்ப்பால் வழியாக இந்நோய் குழந்தைக்குத் தொற்றாது.

பிரசவத்திற்குப் பிந்தைய மாதங்களில் லூபஸ் மீண்டும் தீவிரமடைய வாய்ப்புண்டு. பாலில் மருந்து கலந்துவிடும் என அஞ்சித் தாமாகவே மருந்தை நிறுத்துவது பெரும்பாலும் மருந்தைவிட அதிகத் தீங்கு விளைவிக்கும். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருத்துவர் ஆலோசனையுடன் தொடரக்கூடியவை

• ஹைட்ராக்சிகுளோரோகுயின்: மிகக் குறைந்த அளவே பாலில் கலக்கிறது.
• பிரெட்னிசோலோன்: ஒரு வேளைக்கு 20 மி.கி. வரை உட்கொள்வோர் வழக்கம்போல் பாலூட்டலாம். அதற்கு மேல் உட்கொள்வோர் மாத்திரைக்கு முன் பாலூட்டிவிட்டு, பின்னர் 4 மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது. அந்நேரத்தில் சுரந்த பாலைக் கறந்து நீக்கிவிட வேண்டும்.
• அசாதியோபிரின், டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின்: மருத்துவக் கண்காணிப்புடன் தொடரலாம்.

பாலூட்டும்போது தவிர்க்க வேண்டியவை

மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட், சைக்ளோபாஸ்பமைடு, லெஃப்ளுனோமைடு. இவற்றுள் ஒன்றை உட்கொண்டு வருபவர், மாற்று மருந்து பற்றி மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டும். சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, வேறு வழியின்றி இம்மருந்து தேவைப்பட்டால் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. அந்நிலையில் பாலூட்டலை நிறுத்துவது தாயின் குறையன்று. குழந்தைக்குத் தாயின் உயிரே முதன்மையானது.

தேனி மாவட்டத் தாய்மார்கள் கவனத்திற்கு

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும் வயல்களிலும் பணிபுரிவோர் முழுக்கை உடையும் தலைமறைப்பும் அணிய வேண்டும்; வெயில் இந்நோயைத் தூண்டும். இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குச் செல்வோர் போதிய மாத்திரைகளையும் மருந்துச் சீட்டையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் பாலூட்டுவதை முதலில் தெரிவிக்கவும். மருந்துக் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்க வேண்டாம்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

தாய்க்கு: முகம் அல்லது கால் வீக்கம், சிறுநீரில் நுரை, காய்ச்சல், மூச்சுத்திணறல்.
குழந்தைக்கு: பால் குடிக்க மறுத்தல், காய்ச்சல், வழக்கத்திற்கு மாறான சோர்வு.

குறைமாதக் குழந்தையாயின், தாய் உட்கொள்ளும் ஒவ்வொரு மருந்தையும் குழந்தைகள் நல மருத்துவரிடம் கூற வேண்டும்.

அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108.