எண்ணுக்குப் பெயர் வந்த கதை: சோலாரிஸ் கேஸ்டாட்டும் ஒரு பெர்ல் மாட்யூலும்

சர்வர் திணறினால் டாப் அடித்துப் பார்க்கிறோம். அந்தத் திரையில் ஓடும் எண்கள் எங்கிருந்து வருகின்றன? பழைய பிஎஸ்டி யூனிக்ஸில் இதற்கான பதில் கொஞ்சம் பயங்கரமானது. கெர்னலின் நினைவகம் முழுக்க /டெவ்/கேமெம் என்ற ஒரே கோப்பாகத் தெரியும். பிஎஸ், விஎம்ஸ்டாட் போன்ற நிரல்கள் கெர்னலின் சிம்பல் டேபிளைப் பார்த்து, எந்த மாறி எந்த முகவரியில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே போய் பைட்டுகளை அள்ளிவரும். கூரை ஓட்டைப் பிரித்து இறங்கி கரண்ட் மீட்டர் பார்க்கிற மாதிரிதான். கெர்னலில் ஒரு ஸ்ட்ரக்சரின் அளவு மாறினால் போச்சு, நிரல் உளற ஆரம்பித்துவிடும். தவிர, கேமெம்மைப் படிக்கும் உரிமை இருந்தால் கெர்னலில் கிடக்கும் யாருடைய ரகசியத்தையும் படிக்கலாம்.

சன் நிறுவனம் சோலாரிஸ் 2-இல் இதற்கு ஒரு வாசல் வைத்தது. அதுதான் கேஸ்டாட். ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு பகுதி விலாசம்: மாட்யூல், அதில் எத்தனையாவது, பெயர், புள்ளி. கெர்னலே எண்களைப் பிரதி எடுத்துக் கையில் கொடுக்கும். ஆனால் கேட்பதற்கு சி மொழி வேண்டும். திற, சங்கிலியில் தேடு, படி, வகை பார்த்துப் பிரி என்று ஒரு எண்ணுக்கே ஒரு சின்ன நிரல். ராத்திரி இரண்டு மணிக்கு சிஸ்டம் அட்மின் சி எழுதுவாரா? ரிச்சர்ட் பெட்டிட் இதற்காக சிம்பெல் என்று ஒரு மொழியையே உருவாக்கினார்.

ஆலன் பர்லிசன் எழுதிய பெர்ல் மாட்யூல் இன்னும் எளிது. மொத்த கேஸ்டாட்டும் ஹாஷுக்குள் ஹாஷாக வந்து உட்கார்ந்துவிடும். சிபியு சும்மா இருந்த நேரம் வேண்டுமா? நான்கு சாவி போட்டால் ஒரே வரியில் கிடைக்கும், ரூட் உரிமையும் தேவையில்லை. சோலாரிஸ் 8-இல் இது கூடவே வந்தது. அதிலிருந்த கேஸ்டாட் கட்டளையே ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட்தான், யாரும் திறந்து படித்துக் கற்கலாம். பிரெண்டன் கிரெக் நெட்வொர்க் வேகம் பார்க்கும் நிக்ஸ்டாட்டை முதலில் எழுதியதும் இதன் மேல்தான். என்னைக் கேட்டால், பெரிய கண்காணிப்பு மென்பொருள்களைவிட இந்தக் குட்டி மாட்யூல்தான் நிறைய பேரைக் கெர்னல் பக்கம் திரும்ப வைத்திருக்கும்.

எண் கையில் வந்ததும் வேறொரு வேலை நம் தலையில் விழுகிறது. நெட்வொர்க்கின் வேகம் கெர்னலில் எழுதி வைத்திருக்காது. இதுவரை எத்தனை பைட் என்று மட்டும் எண்ணிக்கொண்டே போகும். இரண்டு தடவை படித்து, கழித்து, இடைவெளியால் வகுப்பது நம் பொறுப்பு. அதற்காகத்தான் ஒவ்வொரு பிரதியோடும் நானோ செகண்டில் நேரமும் வருகிறது. (விஎம்ஸ்டாட்டின் முதல் வரி எப்போதும் பொருந்தாமல் இருப்பது ஏன் தெரியுமா? அது மெஷின் பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி.)

32 பிட் எண்ணி 4.29 ஜிபி-யில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஒரு கிகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் 34 செகண்டில் ஒரு சுற்று முடிந்துவிடும். நிமிஷத்துக்கு ஒருமுறை படிக்கும் ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? 7.5 ஜிபி போயிருக்க, கணக்கில் 3.2 தான் வரும். மூச்சுமுட்டும் லைன் கிராஃபில் பாதி காலியாகத் தெரியும், எந்த எர்ரரும் வராது. இதற்காக டிரைவர்களில் 64 என்ற வாலோடு தனிப் பெயர்கள் சேர்ந்தன. பழைய பெயரையும் எடுக்கவில்லை, எத்தனையோ ஸ்கிரிப்டுகள் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தன.

ஐஓ-வுக்காக சிபியு காத்திருக்கும் சதவீதத்துக்கும் இதே கதி. அது உண்மையில் சும்மா இருக்கும் நேரத்தின் இன்னொரு பெயர்தான், ஆனால் டிஸ்க் திணறுகிறது என்று பலரும் தப்பாக அர்த்தம் செய்துகொண்டார்கள். சோலாரிஸ் 10-இல் அதைக் கணக்கிடுவதையே நிறுத்திவிட்டார்கள். அந்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. எப்போது கேட்டாலும் பூஜ்யம்.